சமத்துப் பட்டை

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் குறைப்படக் கூடாது. நான் டாக்டர் ஜெசிந்தா மச்சாது, தூத்துக்குடியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் மயக்க மருத்துவர். முப்பத்தோரு வருடமாகக் கைக்குழந்தைகளைத் தூங்க வைத்து எழுப்பிக்கொண்டிருக்கிறேன். தூங்க வைத்த யாரையும் எழுப்பாமல் விட்டதில்லை. இதில் தலைக்கனம் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். என் வேலையில் தலைக்கனம் இல்லாதவர்களுக்குக் கை நடுங்கும்.

சமத்துப் பட்டையை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தது நான்தான். அட்டைப்பெட்டியில் அதற்கு நீளமாக ஒரு கம்பெனிப் பெயர் அச்சிட்டிருக்கும். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, எனக்கே பாதி மறந்துவிட்டது. விரல் நகம் அளவில் தோல் நிறத்தில் இருக்கும். பிள்ளையின் காதுக்குப் பின்னால் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத சின்ன மின்சாரம் ஒன்றை நரம்புக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பிள்ளை தூங்காது, மயங்காது. கை காலை ஆட்டும், சிரிக்கும். அழ மட்டும் அழாது. எடுத்த பிறகும் ஒரு மணி நேரம் அதன் பிடி இருக்கும். செய்தவர்கள் யாரோ இன்ஜினியர்கள். அதை ஆபரேஷனுக்குக் கொண்டுவரலாம் என்று பத்து வருடத்துக்கு முன்னால் கட்டுரை எழுதி, நிரூபித்து, மாநிலம் முழுக்க விதியாக்கியவள் நான்.

அந்த வியாழக்கிழமை காலையிலும் ஒரு பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மாதக் குழந்தை, பித்தக்குழாயில் கட்டி. அப்பாக்காரர் துறைமுகத்தில் கிரேன்களைக் கண்காணிக்கிற வேலை. கிரேன் தானாக ஓடும், இவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்துப் பார்த்துப் பழகிய ஆள் என்பதால் என் கையையும் விடாமல் பார்த்தார்.

"வயித்துல ஆபரேஷன்னு சொல்லிட்டு காதுல ஒட்டுதியளே மேடம்?"

"உங்க பிள்ளைக்கு இனிமே நாலு மணி நேரம் பால் கிடையாது. பசிக்குமா பசிக்காதா?"

"பசிக்கும்."

"பசிச்சா என்ன செய்வான்?"

"அழுவான்."

"அழுதா என்னாகும்?"

"எம் பொண்டாட்டி என்னைய ஏசுவா."

பக்கத்தில் நின்ற நர்ஸ் செல்வரதி சிரித்துவிட்டாள். நானும்தான்.

"அது உங்க பாடு. அழுற பிள்ளை காத்தை விழுங்கும். அந்தக் காத்து வயித்துக்குப் போயி குடலுக்குள்ள இறங்கும். குடல் ஊதிரும். இவன் வயிறு எத்தனை பெருசு சொல்லுங்க, உங்க உள்ளங்கை அளவு இருக்குமா? அதுக்குள்ள மூணு ஓட்டை போட்டு, ஒண்ணுல கேமரா, மத்த ரெண்டுல குச்சி மாதிரி கத்தரி, ஊசி எல்லாம் விட்டு வேலை பாக்கணும். ஊதின குடல் கேமராவுக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டா?"

"ஒரு எழவும் தெரியாது."

"கூட்டமான பஸ்ல உக்காந்து ஊசியில நூல் கோக்குற கதைதான். முன்னால எல்லாம் பத்துப் பிள்ளைல நாலு பிள்ளைக்குப் பாதியிலேயே கேமராவ எடுத்துட்டு வயித்தைப் பெருசா கிழிச்சுத் திறப்பாங்க. இப்ப நூத்துல ஒண்ணு."

அவர் தலையாட்டினார். பிறகு மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இப்ப அவனுக்குப் பசி தெரியாதா மேடம்?"

"தெரியும். அழத் தோணாது."

"அப்ப யாருகிட்டச் சொல்லுவான்?"

தியேட்டருக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். கட்டுரையிலும் அந்த இடத்தில் இப்படித்தான் எழுந்து போயிருந்தேன். "அழுகை நிற்கிறது, வலி உணர்வு இந்த ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை" என்று ஒரே வரி.

நாலு மணி நேரம் என்பது என் விதி. கம்பெனிக்காரன் அதை எட்டாக்கினான், பிறகு இருபத்து நாலு. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைத்தது. ரயிலில் ஒட்டினார்கள், சினிமாவில் ஒட்டினார்கள், கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்திலிருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் ஒட்டினார்கள். சமத்துப் பட்டை என்று பெயர் வந்தது அப்போதுதான். பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் சோப்பும் பவுடரும் ஒரு டப்பா பட்டையும் வாங்கிப் போவது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. செல்வரதிக்கு மகன் பிறந்தபோது நானும் அப்படி ஒரு டப்பாவோடுதான் போனேன். ரிப்பன் வேறு கட்டிக் கொடுத்தார்கள்.

செல்வரதி என்னோடு பதினோரு வருடமாகத் தியேட்டரில் நிற்கிறவள். நான் கையை நீட்டும் முன்னே என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மகன் நன்மாறனுக்கு ஆறு மாதம். வேலை நேரத்தில் அடித்தளத்திலுள்ள ஊழியர் குழந்தைகள் காப்பகத்தில் இருப்பான். தியேட்டர்த் திரையின் ஓரத்தில் காப்பகத்துப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி உண்டு. பிள்ளை அழாமல் இருந்தால் பச்சை, அழுதால் சிவப்பு. அந்தப் புள்ளிகளைப் போட்ட பிறகு நான் சிவப்பைப் பார்த்ததே இல்லை.

பித்தக்குழாய் ஆபரேஷன் நன்றாகப் போனது. டாக்டர் திருமலைக்கொழுந்து கேமராவை உள்ளே விட்டதும் குடல்கள் மடித்து வைத்த துணி மாதிரி ஒதுங்கிக் கிடந்தன. அவருக்கு முப்பத்தாறு வயது, கை பொன்னான கை. பட்டை வந்த பிறகு படித்து வந்தவர். நான் கொழுந்து என்றுதான் கூப்பிடுவேன், அவரும் கோபப்படமாட்டார்.

பத்தரை மணி இருக்கும். செல்வரதி என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், ஒரு பத்து நிமிஷம் கீழ போயிட்டு வந்துரட்டா? காலைல மாறன் பால் சரியாக் குடிக்கல. நேத்தும் அப்படித்தான்."

"அழுதானா?"

"இல்ல மேடம். புள்ளி பச்சையாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன? பல்லு முளைக்குமா இருக்கும். கேஸை முடிச்சிட்டுப் போ."

இப்படிச் சொன்னது நான். முப்பத்தோரு வருடத்தில் ஆயிரம் பேரை ஆயிரம் விதமாக ஏசியிருக்கிறேன். அதில் ஒன்றுகூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. ஏசாமல், சாதாரணமாகச் சொன்ன இந்த வார்த்தைதான் போகமாட்டேன் என்கிறது.

கேஸ் முடிய பன்னிரண்டே முக்கால் ஆனது. செல்வரதி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கீழே போனாள். நானும் கொழுந்தும் டீயைக் கையில் எடுத்திருப்போம். மாடிப்படியில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. லிஃப்டுக்குக்கூட நிற்காமல் நாலு மாடியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தாள்.

"மேடம், பிள்ளையப் பாருங்க. மேடம்."

பிள்ளையை என் கையில் திணித்தாள்.

நன்மாறனை மேஜையில் கிடத்தினேன். வயிறு காற்றடித்த பந்து போல இறுகியிருந்தது. உதடு வறண்டு, கண் குழி விழுந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு முழங்காலையும் வயிற்றோடு இழுத்து மடக்கினான். முகம் வெளுத்தது. வாய் அகலமாகத் திறந்தது. திறந்தபடியே நின்றுவிட்டு மூடியது. சத்தம் வரவில்லை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அதே மாதிரி. காதுக்குப் பின்னால் பட்டை அதன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

செல்வரதி டயப்பரை விரித்தாள். சிவந்த சளி. அவளும் குழந்தைகள் ஆஸ்பத்திரி நர்ஸ், அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கொழுந்து ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தார். திரையில் ஒரு வளையம், அதற்குள் இன்னொரு வளையம்.

"குடல் செருகல் மேடம்."

இது ஒன்றும் அபூர்வமான நோய் இல்லை. சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்துச் செருகினால் எப்படியோ அப்படிக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். மாட்டிய குடலுக்கு ரத்தம் போகாது. நேரத்தோடு வந்தால் கத்தியே வேண்டாம், கீழே இருந்து காற்றை அளவாக ஏற்றினால் தானாகத் திறந்துகொள்ளும். மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம். பெரும்பாலும் நேரத்தோடு வந்துவிடுவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிள்ளை போடுகிற கூச்சலில் தெருவே கூடிவிடும். இந்த நோயை டாக்டர்கள் கண்டுபிடிப்பதில்லை, பிள்ளைதான் கத்திச் சொல்லும்.

"எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியணும்," என்றார் கொழுந்து. "இன்னைக்குக் காலைலன்னா காத்து ஏத்திப் பாக்கலாம். நேத்துன்னா ஏத்தவே கூடாது. குடல் ஓட்டையாயிரும்."

நரம்பில் ஊசி போட்டுத் திரவம் ஏற்ற ஆரம்பித்தோம். வறண்ட பிள்ளையை அப்படியே மயக்கினால் இதயம் தாங்காது. அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். பிள்ளையைக் கொழுந்திடம் விட்டுவிட்டு நான் காப்பகத்துக்கு இறங்கினேன்.

பூரணம்தான் அங்கே ஆயா. நாற்பது வயது, பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவள். பாயில் பதினோரு பிள்ளைகள் கிடந்தார்கள். சிரித்துக்கொண்டு, விரலைச் சப்பிக்கொண்டு, எல்லாம் சமத்துப் பிள்ளைகள். ஒரு சத்தம் இல்லை.

"பூரணம், மாறனுக்கு எப்பருந்து இப்படி இருக்கு?"

"நேத்து மத்தியானம் காலை மடக்கி மடக்கி நீட்டுனான் டாக்டரம்மா. விளையாடுதான்னு நெனச்சேன். ராகிக் கூழு குடுத்து ரெண்டு நாளுதான ஆச்சு, ஒத்துக்கலயோன்னு பாத்தேன். இன்னைக்குக் காலைல ரெண்டு தடவ பச்சையாக் கக்குனான். தொடச்சு, சட்டைய மாத்திப் போட்டேன்."

"பச்சையாக் கக்குனான், ஏன் மேல சொல்லல?"

"அழலயே டாக்டரம்மா." அவள் முகம் கோணியது. "புள்ளி பச்சையாத்தான இருந்துச்சு. அழாத பிள்ளைக்கு என்னன்னு சொல்லுவேன்?"

அவளைத் திட்ட வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டேன். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் நானும் அதையேதான் சொல்லியிருந்தேன். சுவரில் காப்பகத்து விதிகள் தொங்கின. மூன்றாவது விதி: பட்டை ஒட்டாத குழந்தை அனுமதிக்கப்படமாட்டாது. கீழே ஆதாரம் என்று போட்டு என் கட்டுரையின் பெயர், என் பெயர், பட்டங்களோடு. என் சம்பளச் சீட்டில்கூட என் பெயர் இத்தனை பெரிதாக இல்லை. பலகையைக் கழற்றித் தரையில் வைத்தேன்.

"எல்லாருக்கும் பட்டையை எடுத்துரு."

"எல்லாத்துக்குமா? ஒரு மணி நேரத்துல அம்புட்டும் சேந்து அழுமே!"

"அழட்டும். எந்தப் பிள்ளை எதுக்கு அழுதுன்னு பாரு. புரியலன்னா அந்தந்த அம்மாவைக் கூப்பிடு."

மேலே வந்தபோது செல்வரதி மகனின் காலைப் பிடித்தபடி நின்றாள். நேற்று மத்தியானத்திலிருந்து என்று சொன்னேன். கொழுந்து உதட்டைக் கடித்தார். காற்று ஏற்றுவது அத்தோடு முடிந்தது. ஆபரேஷன்தான்.

"எத்தனை மணி நேரம் ஒட்டுற ரதி?" என்று கேட்டேன்.

"எல்லா நேரமுந்தான் மேடம். பதினோராம் நாள்ல இருந்து. குளிப்பாட்டும்போது மட்டும் எடுப்பேன்."

"நாலு மணி நேரம்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேனே!"

"அது ஆபரேஷன் பிள்ளையளுக்குன்னு நெனச்சேன். இங்க ஒட்டாம உள்ள விடமாட்டாவ. வீட்டுலயும் பிள்ள சத்தம் கேட்டா பக்கத்து வீட்டுக்காரவ குரூப்புல போட்டுருதாவ. அவரு கப்பல்ல. நான் ஒருத்தி என்ன செய்ய?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க குடுத்த டப்பாதான் மேடம் மொதல்ல பிரிச்சேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவள் அப்படிப்பட்டவளும் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது. அப்போதும் நான் அந்தப் பட்டையை எடுக்கவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருக்கிற காற்றுக்கு மேல் இன்னும் ஒரு வாய்க் காற்றை அவன் விழுங்கக் கூடாது. மயக்கம் கொடுத்து முடிக்கும் வரை எனக்கு அது வேண்டியிருந்தது.

இரண்டு மணிக்குத் தியேட்டருக்குள் போனோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்த கொழுந்து கையை எடுத்தார்.

"கேமரா வேண்டாம் மேடம். திறந்துருதேன். இவ்வளவு ஊதின வயித்தை நான் பாத்ததே இல்ல."

"நான் பாத்திருக்கேன். பத்து வருஷத்துக்கு முன்னால வாரம் நாலு பாத்தேன். இருக்கிற இருப்புக்கு இவ்வளவு நீளமாக் கிழிச்சா, சூடெல்லாம் போயிரும், பிள்ளை தேறவே மாசக்கணக்காகும். பத்து நிமிஷம் குடு. காத்தை எடுத்துத் தாறேன். அப்பவும் ஒண்ணும் தெரியலன்னா நீ திற, நான் வாயைத் திறக்கல."

"பத்துன்னா பத்து. பதினொண்ணு ஆவாது. உள்ள குடல் செத்துக்கிட்டு இருக்கு."

"சரி."

"எட்டாம் நம்பர் வயித்துக் குழாய் குடும்மா," என்று உதவிக்கு நின்ற நர்ஸிடம் கை நீட்டினேன். அந்தப் பெண் விழித்தாள்.

"அது நம்ம தியேட்டர்ல இல்ல மேடம். பட்டை வந்த பிறகு வேண்டாம்னு நீங்கதான் எழுதிக் குடுத்திய."

எழுதிக் கொடுத்திருந்தேன். அலமாரியில் இடத்தை அடைக்கிறது என்று காரணமும் எழுதியிருந்தேன். கதவுக்கு வெளியே நின்ற செல்வரதியின் காதில் இது விழுந்திருக்கிறது. "பச்சப்பிள்ள வார்டுல பால் குழாய் இருக்கும் மேடம். அதுவும் எட்டுதான்," என்று கத்திக்கொண்டே ஓடினாள். இரண்டு நிமிடத்தில் மூன்று குழாயோடு வந்து நின்றாள். உள்ளே வரட்டுமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். கதவை அவளே மூடினாள்.

மூக்கு வழியாகக் குழாயை விட்டு, வெறும் சிரிஞ்சால் கையாலேயே இழுத்தேன். இயந்திரத்தில் மாட்டினால் அது ஒரே வேகத்தில் இழுத்து வயிற்றின் சுவரைக் கவ்விக்கொள்ளும். பச்சைத் தண்ணீரும் காற்றுமாகச் சிரிஞ்ச் நிறைந்துகொண்டே இருந்தது. பிறகு மயக்கம். முகத்தில் மூடியை வைத்து நான் காற்றுப் பையை அழுத்தவே இல்லை. அழுத்துகிற காற்றில் பாதி நுரையீரலுக்கும் பாதி வயிற்றுக்கும் போகும். மருந்தைச் செலுத்தி, எண்ணிப் பதினெட்டு விநாடியில் மூச்சுக்குழாயில் குழாயை இறக்கினேன். மயக்கத்துக்கு வழக்கமாகக் கலக்கிற சிரிப்பு வாயுவின் பக்கம் போகவில்லை, அது குடலுக்குள் இருக்கிற காற்றோடு போய்ச் சேர்ந்து இன்னும் ஊத வைக்கும். தசை தளர மருந்து. பிறகுதான் காதுக்குப் பின்னாலிருந்த பட்டையை உரித்தேன். வெயிலே படாமல் அந்த இடம் மட்டும் வெளுத்து வட்டமாக இருந்தது.

"ஆரம்பி," என்றேன். "நிமிஷத்தை எண்ணிக்கோ."

கேமரா உள்ளே போனது. திரை முழுக்கக் குடல். மங்கலான ஊதா நிறத்தில், ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, வேறு எதற்கும் இடமில்லை.

"ஒண்ணுமே தெரியல மேடம்."

"இடது பக்கமாச் சாய் மேஜையை. இன்னும் கொஞ்சம்." கீழேயிருந்து ஒரு மெல்லிய குழாயை விட்டு, வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல அமுக்கினேன். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. ஆபரேஷன் தியேட்டரில் அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டு வருடங்கள் ஆகியிருந்தன. மேலே சிரிஞ்ச், கீழே குழாய், நடுவில் கை. மேஜையை வலது பக்கம் சாய்த்தோம், தலையைத் தாழ்த்தினோம், மறுபடி நிமிர்த்தினோம்.

"அஞ்சு நிமிஷம்."

பெருங்குடல் கொஞ்சம் இறங்கியது. சிறுகுடல் அசைவதாக இல்லை.

"மேடம், அந்த ஓரத்துல பாருங்க." உதவி நர்ஸ் கையைக் காட்டினாள். திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி சிவப்பாகியிருந்தது. பார்க்கும்போதே இரண்டு, மூன்று. பாயில் கிடந்த சமத்துகள் ஒன்றன் பின் ஒன்றாக வாயைத் திறந்துகொண்டிருந்தன.

"கீழ எல்லாப் பிள்ளையும் அழுவுது மேடம்!"

"அழத்தான் சொல்லியிருக்கேன். நீ கத்தரியைப் பிடி."

"ஏழு," என்றார் கொழுந்து. நெற்றியில் வியர்வை. "முன்னால நிக்கிற இந்த ஒரு சுத்துதான் மறைக்கு. மேலே இருந்து எத்தனை இழுத்தாலும் அதுல காத்து அடைபட்டுக் கிடக்கு."

"என்ன செய்யப் போற?"

அவர் என்னைக் கேட்கவில்லை, தானே முடிவெடுத்தார். தலைமுடி அளவு ஊசி ஒன்றை வயிற்றுத் தோல் வழியாக நேராக இறக்கி, கேமராவில் பார்த்துக்கொண்டே அந்த ஊதிய சுற்றில் குத்தினார். படித்த காலத்தில் ஒரு தடவைகூட செய்யாத வேலை. ஊசி வழியாகக் காற்று சீறியது. குடல் சுருங்கிச் சுருங்கி, சோர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. திரையில் ஒரு ஜன்னல் திறந்தது போல இருந்தது.

"ஒன்பது," என்றார். குரலில் சிரிப்பு வந்திருந்தது. "இந்தா கிடக்கு கள்ளன்."

வலது ஓரத்தில் கருத்துத் தடித்த ஒரு கட்டி. இடுக்கியால் கீழ்ப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்லப் பிதுக்கினார். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். இருபது நிமிடம் ஆனது. கடைசியில் உள்ளே போயிருந்த குடல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நாவல்பழம் போலக் கருத்திருந்தது.

வெட்டி எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்று நிறம் திரும்புவதை வைத்துத்தான் சொல்ல முடியும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். நான் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடித்தேன். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். ஓரத்தில் லேசாக நிறம் மாறியது. பதினைந்தாவது நிமிடத்தில் குடல் முழுக்கச் சிவந்து, தானாக ஒரு தடவை நெளிந்தது.

"வெட்ட வேண்டாம்," என்றார் கொழுந்து. "பிழைச்சிட்டான்."

நான் முகமூடிக்குள் அழுதேன். முப்பத்தோரு வருடத்தில் தியேட்டரில் அழுதது அதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு நன்மாறனைப் பக்கத்து அறைக்கு, மயக்கம் தெளிய வைக்கிற அறைக்குக் கொண்டுவந்தோம். காலையில் ஆபரேஷன் செய்த பிள்ளை இரண்டு மணிக்கே வார்டுக்குப் போய்விட்டதால் அறை காலியாக இருந்தது. உதவி நர்ஸ் புதுப் பட்டை ஒன்றை உறையைக் கிழித்து நீட்டினாள். தெளிந்ததும் அழுதால் குடல் மறுபடி ஊதும், அதனால் எழும்பும் முன் ஒட்டு என்பதும் என் விதிதான்.

"வேண்டாம்."

"அழுவானே மேடம்?"

"வலிக்கு மருந்து குடுத்திருக்கேன். மூக்குல குழாய் இருக்கு, விழுங்கின காத்து அது வழியா வந்துரும். அதுக்கு மேல அவனுக்குச் சொல்றதுக்கு ஏதாவது இருக்கும். சொல்லட்டும்." நாளைக்கும் ஆபரேஷனுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நாலு மணி நேரம் நான் பட்டை ஒட்டத்தான் போகிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாலுக்கு மேல் ஒரு நிமிடம் ஒட்டச் சொல்லி எவன் வந்தாலும் இனிமேல் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதலில் இரண்டு சிணுங்கல். கையை உதறினான். பிறகு மூச்சை உள்ளே இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். விட்டான் பாருங்கள் ஒரு அழுகை! அறைக் கண்ணாடி அதிர்ந்திருக்கும். ஆறு மாதப் பிள்ளைக்குக் கொஞ்சம் கட்டையான குரல், நடுவில் ஒரு இடத்தில் உடைந்து மேலே போகிறது. எதிர் அறையிலிருந்து இரண்டு டாக்டர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

கொழுந்து வாயைப் பிளந்து நின்றார். "இந்த ரூம்ல பிள்ளை அழுது நான் கேக்கதே இதான் மேடம் மொத தடவை."

"தூக்கி வச்சுக்கோ. நான் ரதியைக் கூட்டிட்டு வாரேன்."

செல்வரதி நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"முடிஞ்சுது ரதி. வெட்ட வேண்டி வரல. குடல் நல்லா இருக்கு. பிள்ளை நல்லா இருக்கான்."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் அவள் தோளைத் தட்டிக்கொண்டே நின்றேன். காலையில் அவளைக் கீழே விடாததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்திருந்தேன். கேட்டேன். "நீங்க இல்லன்னா எம் பிள்ள இல்ல மேடம்," என்றாள். அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை, இரண்டு பேருக்கும் தெரியும்.

கதவின் அந்தப் பக்கம் அழுகை நிற்கவே இல்லை. கொழுந்து ஏதேதோ சொல்லிச் சமாதானப்படுத்துவது கேட்டது. செல்வரதி புறங்கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கினாள். பதினோரு வருட நர்ஸ். முகம் உடனே இளகிவிட்டது.

"பாவம், அது யாரு பிள்ள மேடம், இப்படித் தொண்ட கிழிய அழுவுது? அவுக அம்மா பக்கத்துல இல்லயா? யாராவது கூப்பிட்டு விடுங்க மேடம்." பிறகு என் கையை மறுபடி பிடித்தாள். "மாறன் முழிச்சிட்டானா? நான் எப்ப பாக்கலாம்?"